முகநூல் முதலியவற்றை விட்டுவிட வேண்டுமா?



சமூக ஊடகங்கள் தீங்கானவையா, அவற்றை விட்டுவிடுதல் நன்றா என்பதே இன்று நமக்குத் தரப்பட்ட பொருள். பெரியோர் பலர் "ஆம்" என்று முடிவு கட்டிக்கொண்டே வந்திருக்கின்றனர். இளைஞர் சிலர் இப்போதும் கைத்தொலைபேசியைப் பார்த்தவண்ணம் இருக்கின்றனர். இரு சாராரும் சிறிது நேரம் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

தொலைபேசிக்குள் வருவன யாவும் ஒரே தன்மையன அல்ல. ரொறன்ரோவிலிருக்கும் பேரனின் முகத்தை உரும்பிராயிலிருக்கும் அம்மம்மா வட்ஸ்அப்பிற் காண்கின்றார். அது பழைய கடிதத்தின் பிள்ளை. யார் யாருடன் பேசுகின்றார் என்பது தெரியும். பேச்சு முடிந்ததும் தொலைபேசி கீழே வைக்கப்படும். அதை விடுமாறு சொல்லுவோர் பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் வீடுகளை அறியாதவர்.

முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் ஆகியவற்றில் ஓயாது ஓடிவரும் படங்களோ வேறு வகையின. அவற்றுட் பெரும்பாலானவை நாம் கேட்டு வருவன அல்ல. எதைக் காட்டினால் இன்னுஞ் சற்று நேரம் நிற்போம் என்று கணினி கணித்து, அதையே அனுப்புகின்றது. நாம் நிற்கும் நேரமே விளம்பரக்காரருக்கு விற்கப்படுஞ் சரக்கு. கூத்துக்கு விடியல் உண்டு. திருவிழாவுக்குக் கொடியிறக்கம் உண்டு. இதற்கு முடிவென்பதே வைக்கப்படவில்லை. பக்கம் முடியாமலே கீழ்நோக்கி நீளும் முறையை 2006 இல் வகுத்த அஸா ரஸ்கின் என்பார், பிற்காலத்தில் அதற்காகத் தாமே வருந்தினார்.

கோபமும் வெறுப்புமே மனிதனை நெடுநேரம் நிறுத்தி வைப்பன. அதன் பயனை நம் நாடு கண்டது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்புரைகளும் பொய்ச் செய்திகளும் முகநூல் வழியே பரவின. அரசாங்கம் அதனைச் சில நாள் தடை செய்தது. 2020 மே மாதத்தில் அந்நிறுவனமே வருத்தந் தெரிவித்தது. எரிந்த கடைக்காரருக்கு அவ்வருத்தம் என்ன செய்ததோ, நாமறியோம்.

ஆயின் தடையே மருந்து என்று எண்ணிவிடலாகாது. 2022 ஏப்ரலில், மக்கள் வீதிக்கு வந்த வேளையிலும் அரசாங்கம் இவ்வூடகங்களை அடைத்தது. அரசன் பட்டினி போடுவது விரதமாகாது. விரதம் நாமாக ஏற்பது.

நாமாக விடுவது ஏன் கடினமாயிருக்கின்றது? மனவுறுதி இல்லாமையே காரணம் என்று பெரியோர் கூறுவர். அது பாதி உண்மை. ஐக்கிய அமெரிக்காவிற் கல்லூரி மாணவரிடம் பொருளியலறிஞர் சிலர் நடத்தி, 2023 இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. டிக்டொக்கைத் தனியே நான்கு வாரம் விட்டிருப்பதற்குச் சராசரியாக ஏறத்தாழ 59 டொலர் தரவேண்டுமென்றனர் அம்மாணவர். தம்முடன் கல்லூரியாரும் ஒருங்கே விடுவதாயின், தாமே ஏறத்தாழ 28 டொலர் கொடுக்கவும் ஆயத்தமாயிருந்தனர்! பொருள் பிடித்திருப்பதால் அன்று, எல்லாரும் அங்கே இருப்பதாலேயே பலரும் அங்கே இருக்கின்றனர். தனியே வெளியேறும் பிள்ளை நண்பர் பேச்சிலிருந்து தள்ளப்படுகின்றது. அந்தத் தனிமையை எண்ணாமல் "தூக்கி எறி" என்று அதட்டுவதிற் பயனில்லை.

ஆகவே விடுவதாயிற் சேர்ந்து விடுவோம் என்பதே நம் கருத்து. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உணவையே துறக்கும் இளைஞர் இங்கு பலர் உளர். (விரதமிருப்பதையும் படம்பிடித்து இடுவோர் உளர்; அது தனிக்கதை.) வரும் சஷ்டியில் அந்த ஆறு நாளும் சங்கத்தார் அனைவரும் இவ்வோடும் படங்களையும் துறப்போம். அம்மம்மாவுடன் பேசுவதற்குத் தடையில்லை. ஏழாம் நாள், எது உண்மையில் இல்லாமற் குறைந்தது என்று ஒன்றுகூடிப் பேசுவோம். ஒன்றும் குறையவில்லை என்பவர் அன்றே கணக்கை மூடிவிடலாம். ஆறு நாளும் தாங்க முடியாமற் போனவர் கட்டாயம் மூடவேண்டும் என்பது நம் துணிபு.

பெரியோரும் இதிற் சேரவேண்டும். சீனி வருத்தத்துக்கு மருந்தென்று எவரோ எழுதியதை விடியற்காலையில் ஐந்து குழுக்களுக்கு அனுப்புவோர் இளைஞர் அல்லர்.

இனிச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். சங்கத்தின் கூட்ட அறிவித்தல்கள் சில காலமாக முகநூலில் மட்டுமே வருகின்றன. கணக்கை மூடும் இளைஞனுக்குச் சங்கமும் மூடிவிடுகின்றது. வாசிகசாலைச் சுவரிலுள்ள அறிவித்தற் பலகையைத் துடைத்து, சஷ்டிக்கு முன் மீண்டும் அதில் எழுதத் தொடங்குவாராக.