எந்தப் பள்ளிக்கூடம் உயர்ந்தது?

(புவனகிரியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பள்ளிக்கூடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பற்றி இன்று நாம் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறோம். நாம் சொல்லுவதையெல்லாம் நீங்கள் அப்படியே ஒப்புக்கொண்டுவிட வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் உங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டு யோசித்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

வருஷாவருஷம் மே மாதத்தில் பரீட்சை முடிவு வந்தவுடன், கடைத்தெருவெல்லாம் பிளெக்ஸ் தட்டிகள் முளைக்கின்றன. “எங்கள் பள்ளியில் 100க்கு 100 தேர்ச்சி” என்று கொட்டை எழுத்தில் போட்டு, நாலைந்து பிள்ளைகளின் படத்தையும் போட்டுவிடுகிறார்கள். மாநிலத்தில் முதல், ஜில்லாவில் முதல் என்று பட்டியல் வெளியிடுவதை சர்க்கார் 2017ஆம் வருஷத்தோடு நிறுத்திவிட்டபோதிலும், இந்தத் தட்டிகள் நின்றபாடில்லை. நம் ஜனங்களும் தேர்த் திருவிழா பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுநாள் கடன் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

புவனகிரியில் இருக்கிற ஒரு தகப்பனுக்கு வழி பல உண்டு. ஊரிலேயே ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக சர்க்கார் மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரம் போனால் சர்க்கார் உதவி பெறும் பள்ளிகள் இருக்கின்றன. இவை போதாவென்று வீட்டு வாசலுக்கே மஞ்சள் வண்டியை அனுப்பிப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும் மெட்ரிகுலேஷன் பள்ளிகளும் இருக்கின்றன. இவற்றில் எது உயர்ந்தது என்று எதைக் கொண்டு தீர்மானிப்பது? தட்டியைக் கொண்டுதானா?

உதாரணத்துக்காக ஒரு கணக்குச் சொல்லுகிறோம். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 100 பிள்ளைகள். “இவன் தேறமாட்டான்” என்று 30 பேருக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பாக்கி 70 பேர் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி 70 பேரும் தேறுகிறார்கள். இது 100க்கு 100. அந்த 30 பேரும் எங்கே போவார்கள்? பக்கத்து சர்க்கார் பள்ளிக்குத்தான் போவார்கள். அங்கே ஏற்கனவே 100 பேர் இருக்கிறார்கள். இப்போது 130 பேர் எழுதி 117 பேர் தேறுகிறார்கள். இது 100க்கு 90. தட்டிக் கணக்குப்படி முன்னது உயர்ந்தது, பின்னது தாழ்ந்தது. தோழர்களே! 100 பேரை வாங்கி 70 பேரைக் கரை சேர்த்தவன் உயர்ந்தவனா, ஒருவரையும் தள்ளாமல் பிறர் தள்ளியவர்களையும் சேர்த்துக்கொண்டு 117 பேரைக் கரை சேர்த்தவன் உயர்ந்தவனா?

நாற்றங்காலில் நோஞ்சான் நாற்றையெல்லாம் பக்கத்து வயலில் எறிந்துவிட்டு, “என் வயலில் ஒரு பயிர்கூடச் சாவியில்லை” என்று ஒரு மிராசுதார் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வீராணத்துத் தண்ணீர் பாயும் நஞ்சையின் விளைச்சலையும் வானம் பார்த்த புஞ்சையின் விளைச்சலையும் ஒரே மரக்காலில் அளந்து ஒருவன் ஏசினால் அவனைப் பைத்தியம் என்பீர்கள். விவசாயத்தில் இருக்கிற இந்தப் புத்தி பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எங்கே போய்விடுகிறது?

நமக்குத் தெரிந்த ஒரு கூலித் தோழர், மாட்டை விற்று மகனைப் பணம் கட்டும் பள்ளி ஒன்றில் சேர்த்தார். ஒன்பதாவது முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு, “நீங்களாகவே டி.சி. கேட்பதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்” என்று நீட்டினார்களாம். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். போட்டுவிட்டு வந்தார். கட்டிய பணம் என்னவாயிற்று என்று கேட்டோம். மாடு திரும்பி வருமா என்று நம்மையே கேட்டார்.

பிறகு பதினோராம் வகுப்புப் பாடம் இருக்கிறது. அந்த வகுப்புக்குப் பொதுப் பரீட்சை இல்லாத காலத்தில், தனியார் பள்ளிகள் பல அப்பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்தன. பாதிப் பாடம் படிக்காத பிள்ளை 100க்கு 98 வாங்கிற்று. காலேஜுக்குப் போய்த் திணறிற்று. இதைத் தடுக்கத்தான் 2018இல் அதற்கும் பொதுப் பரீட்சை வைத்தார்கள். 2025இல் அதை எடுத்துவிட்டார்கள். இனிமேல் பெற்றவர்கள்தான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சிதம்பரத்தில் 1864இலேயே ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஏற்படுத்தினார். சேரிப் பிள்ளைகளுக்கென்று சுவாமி சகஜானந்தா நந்தனார் பெயரால் பள்ளி துவக்கியது 1916இல். நடுவில் 52 வருஷம்! அவர் காவி கட்டியவர். பக்தி விஷயத்தில் நமக்கும் அவருக்கும் ஒத்துவராது. ஆனாலும், நந்தனாரை நெருப்பில் இறக்கித்தான் உள்ளே விட்டதாகப் புராணம் சொல்லுகிற அதே ஊரில், பிள்ளைகள் நெருப்பில் இறங்காமல் நுழைவதற்கு ஒரு வாசலைத் திறந்தவர் அவர். அந்தப் பள்ளி இன்று சர்க்கார் பள்ளியாக இருக்கிறது. வீட்டில் முதன்முதலாக எழுத்தறிந்த பிள்ளை அங்கே வாங்கும் 60 மார்க்கையும், வக்கீல் வீட்டுப் பிள்ளை டியூஷன் வைத்து வாங்கும் 90 மார்க்கையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மகனைப் பணம் கட்டி வண்டியில் அனுப்புவதும், “பெண்தானே” என்று மகளை சர்க்கார் பள்ளிக்கு அனுப்புவதும் நம் வீடுகளில் நடக்கிறது. 2011ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் கடலூர் ஜில்லாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், ஆண்களில் 100க்குச் சுமார் 86 பேர், பெண்களில் சுமார் 70 பேர். அந்த 16 பேர் வித்தியாசத்தை உண்டாக்கியது எந்த உபாத்தியாயரும் அல்ல, நாம்தான். வேடிக்கை என்னவென்றால், ஆறாவது முதல் சர்க்கார் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு வைத்தியப் படிப்பில் 100க்கு 7.5 இடம் என்று 2020இல் சட்டம் வந்தது. அப்படிப் படித்த பெண் காலேஜுக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் என்று 2022இல் ஏற்பாடு வந்தது. மட்டமென்று நினைத்துத் தள்ளிய இடத்திலிருந்து மகள் டாக்டராகலாம். செலவு செய்து அனுப்பிய மகனுக்கு அந்த 7.5இல் பங்கில்லை.

இதனால் சர்க்கார் பள்ளியெல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். சொர்க்கம் இருப்பதாகவே நாம் சொல்லுவதில்லை. விஞ்ஞான உபாத்தியாயர் இடம் மாதக் கணக்கில் காலியாய்க் கிடப்பதும், கக்கூஸில் தண்ணீர் இல்லாததால் வளர்ந்த பெண்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமலிருப்பதும் பல ஊர்களில் நடப்பவைதான். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளில் அமைகிற மேலாண்மைக் குழுவில் 4இல் 3 பங்கு பெற்றவர்களாகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அங்கே போய்க் கேட்காமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடையில் பேசி என்ன பிரயோஜனம்?

ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது, எந்தப் பள்ளியானாலும், தேர்ச்சி எத்தனை என்று கேட்காதீர்கள். போன வருஷம் ஒன்பதாவதில் எத்தனை பேர், அவர்களில் பத்தாவது எழுதியவர்கள் எத்தனை பேர், மற்றவர்கள் எங்கே என்று கேளுங்கள். பதினோராவது புத்தகத்தை ஒரு பிள்ளையிடம் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பக்கம் அழுக்காகியிருக்கிறதா என்று பாருங்கள். பதில் சொல்லாமல் தட்டியைக் காட்டினால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னும் சொல்ல வேண்டியது இருந்தாலும், சிதம்பரம் போகிற கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாகத் தோழர்கள் ஜாடை காட்டுகிறபடியால், இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறோம். கேள்விகள் இருந்தால் சீட்டில் எழுதித் தலைவர் அவர்களிடம் கொடுங்கள்.