எண்ணெய்ப் பறவை



இன்றைய பேச்சு ஓர் அதிசயப் பறவையைப் பற்றியது. அது குகையில் கூடு கட்டும். இரவில் பழம் தேடிப் பறக்கும். அதன் பெயர் எண்ணெய்ப் பறவை.

தென் அமெரிக்காவில் வெனிசுலா என்று ஒரு நாடு. அங்கே கரிப்பே என்ற ஊருக்கு அருகில் ஒரு பெரிய குகை இருக்கிறது. நீளம் 10 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஆயிரக்கணக்கான எண்ணெய்ப் பறவைகள் வாழ்கின்றன.

இதன் உடல் செம்பழுப்பு நிறம். அதில் வெள்ளைப் புள்ளிகள். இறக்கையை விரித்தால் சுமார் 3 அடி. அலகு கொக்கிபோல் வளைந்திருக்கும். அலகைச் சுற்றி மீசைபோல முடிகள் இருக்கும்.

குகைக்குள் கும்மிருட்டு. பறவை பாறையில் மோதாதா? மோதாது. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறது அல்லவா? அதுதான் இதற்கும் துணை. பறக்கும்போது "டிக், டிக்" என்று ஒலி எழுப்பும். ஒலி பாறையில் பட்டுத் திரும்பும். அதைக் கேட்டு வழி அறியும். 1953-ல் டொனால்டு கிரிஃபின் என்ற விஞ்ஞானி இதைச் சோதித்தார். காதை அடைத்து இருட்டறையில் பறக்கவிட்டார். பறவைகள் சுவரில் மோதின!

குகைக்கு வெளியே கண் உதவும். மங்கிய வெளிச்சமே அதற்குப் போதும்.

எண்ணெய்ப் பறவை என்ற பெயர் எப்படி வந்தது? குஞ்சுகள் எண்ணெய்ச் சத்துள்ள பழங்களைத் தின்று கொழுக்கும். தாயைவிட ஒன்றரை மடங்கு எடைகூட வரும். அந்த ஊரார் முன்பு ஆண்டுக்கு ஒரு முறை குகைக்குள் போவார்கள். நீண்ட கழியால் கூடுகளைக் கலைப்பார்கள். குஞ்சுகளைக் கொன்று, கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுப்பார்கள். சமையலுக்கும் விளக்குக்கும் அது பயன்பட்டது. 1799-ல் அங்கு வந்த ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் இதை எழுதி வைத்தார். குகையின் ஆழத்தில் முன்னோரின் ஆவிகள் இருப்பதாக மக்கள் நம்பினார்கள். அதனால் உள்ளே வெகுதூரம் போகவில்லை. அந்தப் பயம்தான் பறவை இனத்தைக் காத்தது என்றார் அவர்.

இப்பறவை பழத்தை முழுதாக விழுங்கும். சதை செரித்துவிடும். கொட்டையை வெளியே கக்கிவிடும். குகைக்குள் விழும் கொட்டைகள் முளைக்கும். ஆனால் வெயில் இல்லாமல் வெளுத்து மடியும். அப்படியானால் காட்டுக்கு என்ன லாபம்?

2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை சொன்னது. பறவைகளின் உடலில் சிறு கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். அவை தினமும் குகைக்குத் திரும்பவில்லை. பல பகல்களைக் காட்டு மரங்களிலேயே கழித்தன. அங்கே கொட்டைகளைப் போட்டன. கூலி கேட்காமல் காடு வளர்க்கும் பறவை இது! நம் நாட்டுப் பழந்தின்னி வௌவால்களும் இதே வேலையைச் செய்கின்றன.

1949-ல் அந்தக் குகையை வெனிசுலா அரசு பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. 1975-ல் அது தேசியப் பூங்கா ஆனது.

குஞ்சைக் கொன்றால் ஒரு விளக்கு எரியும். உயிரோடு விட்டால் ஒரு காடே வளரும். எது பெரிது? சிந்தியுங்கள், நண்பர்களே.