ஜெர்மனும் “தேவபாஷை”யும்
(செங்கற்பட்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



1929-ல் முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடியது இந்தச் செங்கற்பட்டில்தான். ஆகவே இதை இங்கு சொல்லுகிறோம்.

மத்திய சர்க்காரின் கேந்திரிய வித்யாலயங்கள் நம் மாமல்லபுரக் கரையோரம் கல்பாக்கத்திலும் உண்டு. 2011 ஒப்பந்தப்படி அப்பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்புவரை சமஸ்கிருதத்துக்குப் பதில் ஜெர்மன் எடுக்கலாமென்றிருந்தது. நாடெங்கும் சுமார் 70,000 பிள்ளைகள் எடுத்தார்கள். 2014-ல், வருஷம் பாதி போனபின், “ஜெர்மன் போதும், சமஸ்கிருதம் படி” என்று உத்தரவு! பெற்றோர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அவ்வருஷம் மட்டும் சமஸ்கிருதப் பரீட்சை இல்லையென்று சர்க்கார் இறங்கி வந்தது. பாடமோ திரும்பவில்லை.

ஜெர்மன் எந்தச் சாமியின் பாஷையுமல்ல. இன்னார் படிக்கக்கூடாதென்று அதற்குச் சாஸ்திரமுமில்லை. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன கௌதம தர்மசூத்திரம் எந்தப் பாஷையில் இருக்கிறது? அன்று கேட்டால் ஈயம். இன்று கேட்காவிட்டால் விடமாட்டோமென்பது!

நமக்கு ஜெர்மன்மீது காதலில்லை. விரும்புகிறவன் சமஸ்கிருதமும் படிக்கட்டும். பிள்ளையின் பிழைப்புக்கும் அறிவுக்கும் எது உதவுமென்பதே கேள்வி. தமிழ்நாட்டிலுள்ள அப்பள்ளிகளில் தமிழே கட்டாயப் பாடமில்லையே, அது யார் வெட்கம்?

யோசித்துப் பாருங்கள்.