குனிந்து நுழையும் வாசல்

(திருக்குடும்பத் திருவிழாவன்று வானொலியில் ஒலிபரப்பான சிந்தனை)



நாங்கள் ஜப்பானில், ஒசாகா நகரில் பன்னிரண்டு ஆண்டுகளாக வாழும் கணவன் மனைவி. திருக்குடும்பத் திருவிழாவில் குடும்ப வாழ்வு பற்றிப் பேச எங்களை அழைத்திருக்கிறார்கள். நாங்கள் முன்மாதிரித் தம்பதியர் அல்லர். ஒருமுறை ஏறக்குறையப் பிரிந்தே போயிருப்போம். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பெரியவர்கள் பேசி முடித்த திருமணம் எங்களுடையது. பெண் பார்க்க வந்த அன்று, என்ன பேசுவது என்று தெரியாமல் தயங்கிய இருவருக்கும் ஜப்பான்மேல் ஆசை இருந்தது தெரியவந்தது. ஒருவருக்கு அந்நாட்டு இசை. மற்றவருக்கு அந்நாட்டு உணவு. பிறகு இங்கேயே வேலை கிடைத்தபோது, இது ஆண்டவர் போட்ட முடிச்சு என்றே நம்பினோம்.

இங்குள்ள சமையலுக்கு அடிப்படை ‘தாஷி’ என்னும் தெளிந்த சாறு. கொன்பு என்ற கடற்பாசியும், நம் மாசிக்கருவாட்டைப் போல உலர்த்திய சூரை மீனின் சீவலும் சேர்ந்து அதைத் தருகின்றன. கொன்புவின் சுவைக்குக் காரணமான பொருளை 1908-இல் கண்டறிந்த பேராசிரியர் கிக்குனாயே இக்கேடா, அச்சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். தனித்தனியே இருப்பதைவிட, இரண்டும் சேரும்போது அச்சுவை பன்மடங்கு பெருகுகிறது. “இல்லறமும் இப்படித்தான்” என்று வீட்டுக்கு வந்த விருந்தினருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

புத்தாண்டு நாள்களில் இங்கே கடைதோறும் ‘ஹாரு நோ உமி’ என்ற இசை ஒலிக்கும். பார்வையிழந்த கலைஞர் மிச்சியோ மியாகி, கோத்தோ என்னும் நரம்புக் கருவியும் ஷாக்குஹாச்சி என்னும் மூங்கில் குழலும் சேர்ந்து இசைக்க 1929-இல் அமைத்தது. ஒன்று பேச, மற்றது மறுமொழி சொல்லும். அதுவே எங்கள் வீட்டு இசையாகவும் இருந்தது.

ஐந்தாம் ஆண்டில் எல்லாம் மாறியது. எங்களில் ஒருவர், கடனில் தவித்த உடன்பிறந்தவருக்கு எங்கள் சேமிப்பை அனுப்பிவிட்டார். உதவியது தவறில்லை, மறைத்ததுதான் தவறு. அது தெரிந்தபோது மற்றவர் கொட்டிய சொற்களை இங்கே சொல்ல முடியாது. மூன்று வாரம் பேச்சில்லை. அதே சாற்றைத்தான் குடித்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். அதே இசையைத்தான் கேட்டோம், அவரவர் காதில் தனித்தனிக் கருவியை மாட்டிக்கொண்டு. ஒரே பொருளை இருவர் நேசிப்பது வேறு, ஒருவரையொருவர் நேசிப்பது வேறு என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரத்தில், முன்பே பணம் கட்டியிருந்த ஒரு தேநீர்ச் சடங்குக்குப் போகவேண்டி வந்தது. வேண்டாவெறுப்பாகப் போனோம். தேநீர்க் குடிலின் வாசல் ஏறத்தாழ 66 செ.மீ. உயரந்தான். எவரும் குனிந்து, முழங்காலால் நகர்ந்தே உள்ளே செல்ல வேண்டும். அக்காலத்தில் சாமுராய் வீரர்கள் வாளை வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைவார்கள் என்றார் ஆசிரியை. எங்கள் இடுப்பில் வாள் இல்லை, நாவில் இருந்தது.

கெட்டியான தேநீரை விருந்தினர் எல்லாரும் ஒரே கிண்ணத்தில்தான் அருந்துவார்கள். முதலில் அருந்துபவர் அடுத்தவருக்குத் தலைவணங்கி, ‘ஓசாகி நி’ என்பார். ‘உங்களுக்கு முன்பாக எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று பொருள். அருந்தியபின், தம் வாய் பட்ட விளிம்பைத் துடைத்து அடுத்தவரிடம் தருவார். எங்களில் ஒருவர் அதைச் சொல்லித் தலைவணங்கினார், நிமிர நேரமாயிற்று. மற்றவர் கிண்ணத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். மூன்று வாரத்தில் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான்.

இதே தேநீர்க் குடிலைச் செப வீடாக்கியவர் அருளாளர் ஜூஸ்தோ தக்காயாமா உக்கோன். தேநீர்க் கலையின் ஆசான் சென் நோ ரிக்கியூவின் முதன்மைச் சீடர்களில் ஒருவர், குறுநில மன்னர். 1587-இல் விசுவாசத்தைக் கைவிடுமாறு ஆட்சியாளர் ஹிதேயோஷி பணித்தபோது, நாட்டைக் கைவிட்டார். 1614-இல் நாடுகடத்தப்பட்டபோது, மனைவி ஜூஸ்தாவும் அவரோடு மணிலாவுக்குக் கப்பலேறினார். சில வாரங்களில், 1615 பிப்ரவரியில் உக்கோன் இறந்தார். அவரை 2017 பிப்ரவரி 7 அன்று இங்கே ஒசாகாவில்தான் திருஅவை அருளாளராக உயர்த்தியது.

இன்றைய நற்செய்தியில் யோசேப்பும் மரியாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். தச்சுப்பட்டறையோ வீடோ உறவோ உடன் வரவில்லை. உக்கோனும் ஜூஸ்தாவும்கூடத் தாங்கள் நேசித்த மண்ணை விட்டுத்தான் போனார்கள். விரும்பியவை எல்லாம் கைவிட்டுப் போன பின்னும், ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டார்கள். கடவுள் இருவரையும் தாங்கினார். ஒருவரையொருவர் பொறுத்து மன்னியுங்கள் என்று பவுலடியார் கொலோசையருக்கு எழுதுவதும் இதைத்தானே?

அன்பர்களே, அந்தப் பணம் முழுவதும் இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால், இப்போது எங்கள் வீட்டில் மறைத்த கணக்கு எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் இருவருக்கும் பிடித்த பாட்டோ சாப்பாடோ இருந்தால், அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். இன்றிரவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, நாவில் உள்ள வாளையும் அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

நாசரேத்தூர்த் திருக்குடும்பம் நம் குடும்பங்களுக்காக மன்றாடுவதாக. ஆமென்.