அறுபது நாட்களில் அழியும் உரிமை



ரொறன்ரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தைத் திருத்திக் கொடுத்த துணை ஒப்பந்தக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்துவிட்டது, பணம் வரவில்லை. வேலை தந்த ஒப்பந்தக்காரர் ஊரவர், தூரத்து உறவும்கூட. “அடுத்த கிழமை பார்ப்பம் தம்பி” என்கிறார். அழுத்திக் கேட்டால் முகம் முறியும் என்று இவரும் காத்திருக்கிறார். சட்டம் இவருக்குத் தந்த மிக வலிய பிடி அந்தக் காத்திருப்பில்தான் நழுவுகிறது.

ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டம், உழைப்போ பொருளோ கொடுத்து ஒரு காணியை மேம்படுத்தியவருக்கு அக்காணியின் மீதே உரிமை வழங்குகிறது. ஆங்கிலத்தில் ‘லீன்’ என்பர். தமிழில் பற்றுரிமை எனலாம். வீட்டுச் சொந்தக்காரருடன் நேரடி ஒப்பந்தம் இல்லாத துணை ஒப்பந்தக்காரருக்கும் கூலியாளுக்கும் இது உண்டு. சொந்தக்காரர் கொடுப்பனவுகளில் 10 வீதத்தைப் பிடித்துவைக்க வேண்டும் என்று சட்டம் விதிப்பதும் இத்தகையோரைக் காக்கவே. காணிப் பதிவேட்டில் பற்றுரிமை ஏறிவிட்டால், அதைத் தீர்க்காமல் வீட்டை விற்பதும் அடமானக் கடன் பெறுவதும் கடினம். பத்துத் தொலைபேசி அழைப்புகளுக்கு வராத பணம் அப்போது வருவதுண்டு.

ஆனால் காலக்கெடு இரக்கமற்றது. துணை ஒப்பந்தக்காரர், பொதுவாக, கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் பற்றுரிமையைப் பதிய வேண்டும். (2018 யூலைக்கு முந்திய விதிப்படி 45 நாட்கள், பழையவர்கள் சிலர் இன்றும் அதையே சொல்வர்.) அந்த 60 நாட்கள் முடிந்தபின் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றில் வழக்குத் தொடுத்து, வழக்குச் சான்றிதழையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் நீதிபதி நீடித்துக் கொடுக்க இயலாது. திருத்த வேலை என்று ஒருநாள் போய்வந்து காலத்தைப் புதுப்பிக்கலாம் என நம்புவதும் ஆபத்தே.

கெடு தவறினால் கடன் செத்துப்போவதில்லை. பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் கடன் வழக்குத் தொடரலாம். ஆயினும் காணி என்ற ஈடு கைவிட்டுப் போகிறது. ஒப்பந்தக்காரர் கையை விரித்தால் தீர்ப்பு வெறும் தாள்தான். மறுபுறம், கோபத்தில் தொகையைக் கூட்டி எழுதவும் கூடாது. தெரிந்தே மிகைப்படுத்தியவர் நட்டஈடு கொடுக்க நேரிடும்.

பல வீடுகளில் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்பவர்கள் பிள்ளைகளே. தந்தையின் கடைசி வேலை நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். விலைச்சிட்டைகள், குறுஞ்செய்திகள், வேலைத்தலப் படங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் சேருங்கள். முப்பதாம் நாளும் பணம் வரவில்லையெனில், உறவு முறியுமோ என்று யோசிக்காமல், அக்கோப்புடன் கட்டுமான வழக்குகளில் பழகிய சட்டத்தரணியிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள்.