சுறாக் குட்டிகளின் தாய்வீடு

(கடையநல்லூரில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலையடிவாரத்து ஊராராகிய நமக்குக் கடலைப்பற்றி என்ன கவலை என்று சிலர் வினவலாம். நம்மூர்க் கருப்பாநதியின் நீர் சிற்றாற்றோடு கூடிச் சீவலப்பேரியிற் பொருநையை அடைந்து, புன்னைக்காயலிற் கடலோடு கலக்கின்றது. அக்கடலினின்று பால்சுறா நம் பிள்ளைப்பேற்று வீடுகளுக்கு வருகின்றது. ஆதலின் இது நம் காரியமேயாம்.

மீன்களிற் பெரும்பாலன ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பால்சுறாவோ ஏறக்குறைய ஓராண்டு கருவைச் சுமந்து, ஒன்றுமுதல் எட்டுவரை குட்டிகளையே ஈனும். ஈன்ற தாய் குட்டியைப் பேணுவதில்லை. கரையோரக் கடலே செவிலித்தாய். ஆழங்குறைந்த களப்பும், கடற்புல் வெளியும், அலையாத்திக் காட்டின் வேரிடுக்கும் பெருஞ்சுறாக்களின் வாயினின்று குட்டிகளைக் காத்து, இரையும் அளிக்கின்றன. குட்டிகள் பிற இடங்களினும் மிகுந்திருத்தல், நெடுநாள் தங்கல், ஆண்டுதோறும் அவ்விடமே பயன்படல் என்னும் மூன்றும் அமைந்த இடமே வளர்ப்பிடம் என 2007-இல் அறிஞர் மூவர் வரையறுத்தனர். பஹாமாத் தீவுகளைச் சேர்ந்த பிமினியில், எலுமிச்சைச் சுறாக்கள் தாம் பிறந்த இடத்திற்கே ஈனுதற்கு மீள்வதை 2013-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு செல்லும் நம் பெண்களை இஃது ஒக்குமன்றோ? அத் தாய்வீடு அழிந்தால் அவை எங்கே செல்லும்?

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986-இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தமையால் அவற்றுள் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. கரையை அடுத்த கடலில் விசைப்படகுகள் மீன்பிடித்தலாகாது என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டம். அடிமடி வலை கடற்புல்லை வேரோடு வாரிச் செல்லுமாதலின், அச்சட்டம் ஏட்டளவில் நின்றாற் போதாது.

பரதவரைப் பழித்தல் எம் நோக்கமன்று. வாங்குவோர் உள்ளளவும் விற்போர் உளர். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு அளித்தல் நம் முன்னோர் அன்பினாற் கொண்ட வழக்கம். ஆனால் சுறாவின் தசையிற் பாதரசம் மிகுதியாகச் சேர்வதால், கருவுற்றோரும் பாலூட்டுவோரும் அதனை விலக்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அறிவுறுத்துகின்றது. தாய்க்கென்று ஊட்டுவது சேய்க்குத் தீங்காதல் தகுமோ?

ஆகவே தாய்மார்களை யாம் வேண்டுவது ஒன்றே: இனிப் பேறுகால வீடுகளிற் சுறாவை விடுத்து, முருங்கைக்கீரையும் பூண்டும் நெத்திலியும் சமையுங்கள். இரு திறத்துக் குழந்தைகளும் பிழைக்கும். அன்பின் வழக்கம் அழியவேண்டுவதில்லை; பாத்திரத்திலுள்ள பண்டம் மாறினாற் போதும்.