பகிர்வதற்கு முன் விசாரிப்போம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"புதிய ஆராய்ச்சி கூறுகிறது" என்ற தலைப்புடன் நம் கைப்பேசிகளுக்கு நாள்தோறும் செய்திகள் வருகின்றன. சர்க்கரை நோய்க்கு ஒரு விதை, இதய அடைப்புக்கு ஒரு சாறு, பிள்ளைகளின் மனச்சோர்வுக்கு ஒரு பயிற்சி என அவை நீளுகின்றன. பிறருக்குப் பயன்படட்டும் என்ற நல்லெண்ணத்துடனேயே அவற்றை உறவினர்களுக்கும் மஹல்லா குழுக்களுக்கும் அனுப்புகிறோம். ஆயினும், உடலையும் உயிரையும் தொட்ட செய்திக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது.

1998ஆம் ஆண்டு 'லான்செட்' எனும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரின் ஆய்வு வெளியாயிற்று. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற ஐயத்தை அது கிளப்பியது. ஆராயப்பட்ட குழந்தைகள் 12 பேர் மட்டுமே. 2010இல் அவ்விதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் பிரிட்டனின் மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பற்றி வெளிவந்த ஆய்வு அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை. எனினும் அச்சம் முந்திக்கொண்டது. பிரிட்டனில் பெற்றோர் பலர் தடுப்பூசியைத் தவிர்த்தனர். 2008இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் தட்டம்மை மீண்டும் நிலைகொண்ட நோயென அறிவிக்கப்பட்டது.

அந்த அச்சம் நம் மாநிலத்தையும் விட்டுவைக்கவில்லை. 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். கருவுற்ற பெண்ணை ரூபெல்லா தாக்கினால், பிறக்கும் குழந்தையின் கண், காது, இதயம் பழுதுபடக்கூடும். செய்தியை அனுப்பியவருக்கு ஒரு நொடி வேலை. அதன் விளைவைச் சுமப்பதோ ஒரு குழந்தை.

மனநல ஆய்வுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. உளவியல் இதழ்களில் வெளிவந்த 100 ஆய்வுகளை அறிஞர்கள் திரும்பச் செய்து பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 36 விழுக்காட்டில் மட்டுமே புள்ளியியல் அளவுகோலுக்கு நிற்கும் முடிவு மீண்டும் கிடைத்தது. ஓர் ஆய்வு என்பது தொடக்கம். பல ஆய்வுகள் ஒருமுகமாகச் சொல்வதே நம்பத்தக்கது.

பொய் ஏன் முந்துகிறது? அந்நாளில் ட்விட்டர் எனப்பட்ட தளத்தில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்தவர்கள், மெய்யைவிடப் பொய்ச்செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் எனக் கண்டனர். புதுமையும் வியப்பும் கொண்ட செய்தியை மனிதர் உடனே அனுப்ப விழைகின்றனர்.

நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள், யார் அறிவித்தார், யாரிடம் கேட்டார், அவருடைய நேர்மையும் நினைவாற்றலும் எத்தகையவை என்று இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தனர். அம்மரபின் வாரிசுகளான நாம், மூலமே தெரியாத மருத்துவச் செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாமா?

ஆகவே பகிருமுன் நான்கு கேள்விகளைக் கேட்போம். ஆய்வை நடத்தியவர் யார், எந்த இதழில் வந்தது? எலியிடம் செய்யப்பட்டதா, மனிதரிடமா? எத்தனை பேரிடம்? வேறு ஆய்வுகள் அதை உறுதி செய்தனவா? விடை கிடைக்காவிடில் அச்செய்தி நம்மோடு நிற்கட்டும். மருந்தை நிறுத்தச் சொல்லும் செய்தியையும் தடுப்பூசியை மறுக்கச் சொல்லும் செய்தியையும் மருத்துவரிடம் கேளாமல் ஒருபோதும் அனுப்ப வேண்டாம். அனுப்பியது தவறெனத் தெரிந்தால், அதே குழுவில் திருத்தத்தையும் அனுப்புவோம்.

நம் ஜமாஅத்தின் மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் இவ்வகைச் செய்திகளைப் பார்த்துச் சொல்ல முன்வர வேண்டும். இளைஞர்கள் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்று கேட்டு அமைகிறேன். வஸ்ஸலாம்.